கம்ப்யூட்டர் கடிகாரம் பின்தங்குகிறதா? கேள்வி பதில்

கேள்வி: இரவு சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால், காலையில் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. பிரவுசரில் பாதித் தளங்கள் திறப்பதில்லை. வைரஸா சார்?

பதில்: வைரஸ் இல்லை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) தரும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் கடிகாரம் ஓடும். அணைத்தபின் செல்தான் துணை. தேதி பழையதாக இருப்பதால் தளங்களின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிரவுசர் மறுக்கிறது.

மாற்றும் முன் பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்புப் பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். செல்லைக் கழற்றினால் சாட்டா மோட் (டிஸ்க்கை இயக்கும் முறை) ஆரம்ப நிலைக்குப் போய், விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கலாம். பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் ரெக்கவரி கீயும் கையில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் 10 நொடி அழுத்திவிட்டு, ஓரக் கிளிப்பைத் தள்ளினால் செல் எழும்பும். புதியதில் + குறி மேலே.

கேள்வி: கடையில் சிஆர்2025 தருகிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். வோல்ட் அதே 3தான், ஆனால் தடிமன் 2.5 மி.மீ.; 2032 என்றால் 3.2. தொடர்பு விட்டுவிட்டு வரும். ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 அதைவிட மோசம், முழு சார்ஜில் 4.2 வோல்ட். வாங்கியதை மல்டிமீட்டரில் பாருங்கள்: 3 வோல்ட்டுக்குக் குறைந்தால் பழைய சரக்கு.

கேள்வி: செல் புதிது. ஆனாலும் விண்டோஸில் நேரத்தை இணையத்தோடு சரிசெய்யும் 'சிங்க் நவ்' பட்டன் தோற்கிறது.

பதில்: வீட்டுக் கம்ப்யூட்டரில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்தாது. தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

கேள்வி: உபுண்டுவுக்குப் போய் வந்தால் விண்டோஸ் சரியாக 5.30 மணி நேரம் பின்தங்குகிறது, அண்ணா.

பதில்: செல்லைத் தொடாதீர்கள். உபுண்டு ஒரு லினக்ஸ்; அது மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. உபுண்டு டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' கொடுத்தால் போதும்.

கேள்வி: இணையம் இல்லாத பழைய பிசி. மாதம் முக்கால் நிமிடம் குறைகிறது.

பதில்: கடிகாரத்தை ஓட்டும் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு சகஜம், மாதத்துக்கு 50 நொடிவரை வரும். செல் மாற்றினாலும் குறையாது.