விந்து வெளியே வராவிட்டால் தானம்தான் ஒரே வழியா?

உச்சம் வருகிறது, விந்து ஒரு சொட்டுகூட வரவில்லை, பதினைந்து வருடச் சர்க்கரை, தானமாக விந்தணு வாங்கச் சொல்கிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவன். எனக்கும் இதே பிரச்சினைதான்.

நாங்கள் முதலில் போன இடத்தில் காலி கப்பைப் பார்த்துவிட்டு நேரே தானத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டாவது டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "அது முடிந்து யூரின் போனால் கலங்கலா இருக்கா?" இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உள்ளே விந்தணுக்கள்.

நெடுநாள் சர்க்கரை நரம்பைக் கெடுத்தால், அந்த நேரத்தில் மூட வேண்டிய சிறுநீர்ப்பையின் வாய் மூடுவதில்லை. விந்து பின்னால் போய்ப் பைக்குள் விழுந்துவிடும். (ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் விந்து வராமல் போகலாம். அப்படி ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.)

முதலில் இமிப்ரமின் மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு அதிலேயே விந்து முன்னால் வந்துவிடும், எனக்கு வரவில்லை. சரி, யூரினிலிருந்தே எடுப்போம் என்றார்கள். முந்தின இரவும் காலையும் சோடியம் பைகார்பனேட் கரைத்துக் குடித்தேன், நம் வீட்டு ஆப்ப சோடாவேதான். யூரினின் புளிப்பு விந்தணுவைக் கொன்றுவிடும் என்பதால் அதை முறிக்கத்தான் இது. சாம்பிளுக்கு முன் ஒருமுறை யூரின் போய்விட்டு, உச்சம் முடிந்த கையோடு லேப் கொடுத்த பாட்டிலில் பிடிக்க வேண்டும். அந்தப் பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு என் மனைவி இரண்டு மாடி இறங்கி ஓடினாள். லேப்பில் சுழற்றிக் கழுவி, அசைகிற அணுக்களை மட்டும் பிரித்தார்கள்.

நிறைய கிடைத்தால் ஐயூஐ போதும், அதாவது கழுவிய விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்துவது. எங்களுக்கு இரண்டு தடவை பலிக்கவில்லை. அப்புறம் இக்சி, அதாவது லேப்பில் முட்டைக்குள்ளேயே விந்தணுவை ஊசியால் செலுத்துவது. ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு போதும் என்பதால் கொஞ்சமே கிடைத்தாலும் கவலையில்லை. அதில்தான் கரு தங்கியது.

யூரினிலும் ஒன்றும் இல்லையென்றால்? தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அதிர்வுக் கருவி வைத்து வரவழைப்பார்கள், அதுவும் சரிவராவிட்டால் மயக்கம் கொடுத்து மின்தூண்டல். விரையிலிருந்தே ஊசியால் எடுப்பதும் உண்டு, ஆனால் அதற்கு இக்சிதான் செய்தாக வேண்டும். யூரினைப் பார்க்காமலே ஊசிக்குப் போகச் சொன்னால் நான் சம்மதிக்கமாட்டேன்.

சோடாவை நீங்களாகக் குடித்துப் பார்க்க வேண்டாம். பிபி, கிட்னி இரண்டையும் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள்.