ரீச்சர் அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு

கேள்வி: அம்மா முப்பத்திமூன்று வருடம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. அவர் இறந்து முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க முடியவில்லை, அண்ணாவும் நானும் ஒத்துவரவில்லை. ஒரு வருடம் முடிய வரும் ஆட்டத்திவசத்துக்காவது அடிக்க வேண்டும். கனடாவில் இருந்து அண்ணா எழுதி அனுப்பியது நாலு பக்கம், "தியாகச்சுடர், கருணைக்கடல், கல்வித்தாய்" என்று. வாசித்தால் அது யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம். நான் எழுத இருந்தால் கோபந்தான் முதலில் வருகிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் விறாந்தையில் இருந்து காசில்லாமல் படித்தார்கள், எங்களுக்கு அம்மா இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் கிடைத்தார். ஒரு வருடம் அவரிடமே படித்தேன். வகுப்பில் ஒருநாள் வாய் தவறி "அம்மா" என்றுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, "ரீச்சர் எண்டு சொல்லும்" என்று திருத்தினார். இதையெல்லாம் கல்வெட்டில் எழுதலாமா?
(ஒரு வாசகி, கோண்டாவில்)

பதில்: எழுதலாம். இன்னும் சொன்னால், அந்த "அம்மா, ரீச்சர்" சம்பவத்தை முதல் பக்கத்திலேயே போடுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதின அந்த நாலு வரியில் எனக்கு உங்கள் அம்மாவைத் தெரிந்துவிட்டது, அண்ணாவின் நாலு பக்கத்தில் நிச்சயம் தெரிந்திருக்காது. "எங்களைக் கவனிக்கவில்லை" என்று தீர்ப்பு மட்டும் எழுத வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும். ஒன்பது மணிக்குப் பிறகுதான் கிடைத்தார் என்கிறீர்களே, கிடைத்த அம்மா என்ன செய்தார்? ஒரு கையால் கொப்பி திருத்திக்கொண்டு மறு கையால் புட்டுக் குழைத்துத் தந்தாரா, உங்களுக்குத் தலை இழுத்துவிடும்போது நாளைய பாடக்குறிப்பை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாரா, அல்லது சாய்மனைக் கதிரையில் அப்படியே நித்திரையாகிவிட்டாரா? அதை எழுதுங்கள். கோபமும் அதற்குள் வந்து இருந்துகொள்ளும், நீங்கள் அதைத் தனியாகக் கூப்பிடத் தேவையில்லை.

எங்கள் மரண அறிவித்தல்களைக் கவனித்திருப்பீர்கள். "காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்" என்று ஊர் ஊராக, நாடு நாடாகப் பெயர்கள் போகும். பெண்ணின் முப்பது வருட வேலை மட்டும் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். பல கல்வெட்டுகளும் அந்த அறிவித்தலையே இழுத்துப் பெருப்பித்ததுதான். பேரப்பிள்ளைகள் எந்த நாட்டில் என்ன படிக்கிறார்கள் என்பதற்கு ஒரு முழுப்பக்கம், செத்த மனிசிக்கு அரைப்பக்கம்.

ஆட்டத்திவசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, நல்லதாகப் போயிற்று. முதலில் அலுமாரியைத் திறவுங்கள். நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், பழைய பாடக்குறிப்புக் கொப்பிகள். முதல் நியமனம் எங்கே? யாழ்ப்பாணத்து ஆசிரியைகள் எத்தனையோ பேர் வன்னியிலோ மலையகத்திலோதான் தொடங்கினார்கள். கலியாணமாகிக் கைக்குழந்தையோடு கஷ்டப் பிரதேசத்துக்குப் போனவர்கள் உண்டு. உங்கள் அம்மா எத்தனை மணிக்கு எழும்பி எந்த பஸ் பிடித்தார், அப்போது உங்களைப் பார்த்தது அம்மம்மாவா, பக்கத்து வீட்டு அக்காவா? படிப்பித்த பாடசாலையில் கேட்டால் அதிபர் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகத்தைப் பார்க்க விடக்கூடும். அதிபர்கள் அதில் பாராட்டுக்குக் கஞ்சத்தனமாகத்தான் எழுதுவார்கள், அதனால் ஒரு வரி கிடைத்தாலும் அது பெரிய காரியம்.

தொண்ணூறுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் படித்ததும் அந்தக் காலத்தில்தான். 1990இல் யுத்தத்தோடு வடக்குக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தபின் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை நனைக்கும் அளவுக்கு எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கில்தான் எங்கள் ரீச்சர் இரவில் கொப்பி திருத்தினார். பத்திரிகை அடிக்கவே தாள் இல்லாத நேரம், கொப்பி எங்கே கிடைக்கப்போகிறது? பென்சிலால் எழுதச் சொல்வார், திருத்தினபின் அழித்துவிட்டுத் திரும்ப அதிலேயே எழுதச் சொல்வார். கடைசியில் தாள் சாம்பல் நிறமாகிப் பொத்தல் விழுந்துவிடும். பிறகு 1995 ஒக்டோபர் 30. யுத்தத்துக்குப் பயந்து, மழைக்குள் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போக நாவற்குழிப் பக்கம் நடந்தது. தென்மராட்சியில் அந்த ஊர்ப் பாடசாலைகள் காலையில் நடக்க, இடம்பெயர்ந்து போன பாடசாலைகள் பின்னேரத்தில் நடந்தன. எங்கள் ரீச்சர் வீட்டில் இருந்து எடுத்துக்கொண்டு வந்த ஒரே பையில் இருந்தது வகுப்பு வரவு இடாப்பு. சட்டி பானை எடுக்கவில்லை என்று அவருடைய மகள் இன்றைக்கும் ஏசுவார். அந்த இடாப்பை வைத்துத்தான் மாமரத்தின் கீழே எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார், பாதிப் பேருக்குப் பதில் வரவில்லை. உங்கள் அம்மாவின் பையில் என்ன இருந்தது? உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் அண்ணாவுக்கு இருக்கும்.

அண்ணாவை ஒதுக்கவும் வேண்டாம். எப்போது வெளிநாடு போனார் என்று நீங்கள் எழுதவில்லை. இளம் வயதில் போனவர் என்றால் பிறகு அவருக்குக் கிடைத்த அம்மா ரெலிபோனில் வந்த குரல் மட்டுந்தான், கருணைக்கடல் என்ற சொல் அங்கிருந்து வருகிறது. "அம்மா கடைசியாக உன்னை எதற்கு ஏசினா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அந்த நாலு பக்கத்தையும் அவரே கிழித்துவிடுவார்.

விறாந்தைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள், ஆளுக்கு ஒரு சம்பவம், பத்து வரிக்குள். "அன்பானவர், பண்பானவர்" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் பங்குபோட்ட அம்மாவை வைத்திருக்கிறவர்கள் அவர்கள்தானே, திருப்பித் தர வேண்டிய கடன் அவர்களுக்கும் இருக்கிறது.

அச்சடித்ததும் ஒரு பிரதியை யாழ் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். 1981இல் அங்கே எரிந்தது ஏறத்தாழ 97,000 நூல்கள், அந்த இறாக்கைகளுக்கு நாங்கள் இன்னும் கொடுக்கத்தான் வேண்டும். இன்னொன்றை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் இணையத்தில் ஏற்றுவார்கள். 2005இல் தொடங்கின அந்த எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் நிறைய இருக்கின்றன. எங்கள் ஊர்களின் சரித்திரத்தை, அதுவும் பெண்களின் சரித்திரத்தைத் தேடுகிறவர்களுக்கு வேறு எங்கே போக இடமிருக்கிறது?

கேள்வி: தாளில் அடிப்பதை ஏன் கல்வெட்டு என்கிறோம்?
(ஒரு மாணவன், சுன்னாகம்)

பதில்: கல்லில் வெட்டினது போல நிலைக்கட்டும் என்ற ஆசைதான். முன்பெல்லாம் அது முழுக்கப் பாட்டு. ஊர்ச் சிறப்பு, பிறப்பு, மணம், மக்கள், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று போகும். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அன்று வீட்டில் ஒருவர் இராகத்தோடு படிப்பார், கேட்டிருக்கிற பெண்கள் அழுவார்கள். இப்போது வண்ணப்படமும் சிவபுராணமுமாக மாறிவிட்டது. வெண்பா எழுதுகிறவரைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம்.

கேள்வி: எங்கள் ரீச்சருக்கு எண்பத்தாறு வயது, சுகமாக இருக்கிறார். இருக்கும்போதே மலர் போடலாமா? அபசகுனம் என்று சிலர் சொல்கிறார்கள்.
(பழைய மாணவர்கள் சிலர், பருத்தித்துறை)

பதில்: மணிவிழாவுக்கு மலர் போடுகிறோமே, அது அபசகுனமா? ஆனால் மலருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் மட்டும் போய் இருந்து கதை கேளுங்கள், கூட்டமாகப் போனால் தேத்தண்ணி ஊற்றுவதிலேயே நேரம் போய்விடும். ஃபோனில் பதிவு செய்யுங்கள். எழுதினதைக் கட்டாயம் அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். சிவப்புப் பேனை அவரிடம் இருக்கும், நீங்கள் கொண்டுபோக வேண்டாம்.