ஹீலாவில் ஒளிரும் லூசிஃபெரேஸ் ஹூ-7இல் மங்குவது ஏன்?

ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவைச் சுமக்கும் உங்கள் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்லில் ஒளிர்கிறது, ஹூ-7 என்ற கல்லீரல் புற்றுநோய் செல்லில் மங்குகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பிளாஸ்மிட் கெட்டுப்போகவில்லை. நீங்கள் லூசிஃபெரேஸுக்குப் பின்னால் ஒட்டிய 3' யுடிஆர்தான், அதாவது தூது ஆர்என்ஏவில் புரதக் குறியீடு முடிந்த பிறகு வரும் பகுதிதான், ஹூ-7இல் ஒளியை அமுக்குகிறது. அந்தத் துண்டு இல்லாத பிளாஸ்மிட் இரண்டு செல்லிலும் ஒரே அளவு ஒளிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் மரபணுவை இயக்கிவைக்கும் புரோமோட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

என் முதல் சந்தேகம் மைக்ரோ ஆர்என்ஏ-122, மரபணுக்களை அடக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ. கல்லீரலில் அது கொட்டிக் கிடக்கும். ஹூ-7இலும் நிறைய உண்டு, ஹீலாவில் கிட்டத்தட்ட இல்லை. யுடிஆரில் தனக்குப் பொருந்தும் இடம் கிடைத்தால் ஆர்கோநாட் புரதத்தோடு அங்கே உட்கார்ந்து புரத உற்பத்தியைக் குறைக்கும், பெரும்பாலும் தூது ஆர்என்ஏவையும் சிதைக்கும். கேட்-1 என்ற அமினோ அமிலக் கடத்தி கல்லீரல் செல்களில் அடங்கியிருப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

சரி, உங்கள் யுடிஆர் வரிசையில் ‘ஏசிஏசிடிசிசி’ என்ற ஏழு எழுத்துகளைத் தேடுங்கள். இருந்தால் நடுவில் இரண்டை மட்டும் மாற்றி, ஒப்பீட்டுக்காகக் கூடவே செலுத்தும் இன்னொரு ஒளி நொதியான ரெனில்லாவின் அளவால் வகுத்து, இரு செல்லிலும் மறுபடி அளந்து பாருங்கள். ஹூ-7இல் மட்டும் ஒளி திரும்பினால் காரணம் அந்த இடம்தான். அப்படி ஓர் இடமே இல்லையா? யுடிஆரைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதி மங்க வைக்கிறது என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம்: ஹூ-7க்குப் பதிலாக ஹெப்-ஜி2 என்ற செல்லை எடுக்காதீர்கள். அதுவும் கல்லீரல் வழி வந்ததுதான், ஆனால் அதில் மைக்ரோ ஆர்என்ஏ-122 மிகக் குறைவு.