குண்டுமல்லியில் இலைதான் வருகிறது, பூ இல்லை

தொட்டியில் மூன்று வருடச் செடி, இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் நாலைந்துதான் என்று எழுதியிருந்தீர்கள். உரம் போதவில்லை என்பது காரணமாகத் தெரியவில்லை. மாதாமாதம் போடும் யூரியாதான் இலையாகப் போகிறது; அதை நிறுத்துங்கள். மாமர நிழலும் ஆகாது, ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள்.

அப்புறம் கவாத்து. நவம்பர் கடைசியில் மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான், எனக்கும் முதல் வருடம் கை நடுங்கியது. ஆனால் குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு விடும். மார்ச்சில் பூ ஆரம்பிக்கும். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.