எழுப்பப் போகிறவர் ஏன் அழுதார்?

கேள்வி: சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் கேட்டால், படிக்காமல் வந்த நாங்கள் 'இயேசு கண்ணீர் விட்டார்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். போன மாதம் அப்பா இறந்தபோது நான் அழுததைப் பார்த்து ஒருவர், 'விசுவாசி இப்படி அழக்கூடாது' என்றார். அப்போது இந்த வசனம்தான் ஞாபகம் வந்தது. இறந்துபோன தன் சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு ஏன் அழுதார்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்தத் தந்திரம் எங்கள் காலத்திலும் உண்டு, சகோதரி. டீச்சர் உஷாராகி, யோவான் 11:35 செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். (தமிழ் வேதாகமத்தில் இதைவிடச் சின்ன வசனம் இருக்கிறது: 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்', 1 தெசலோனிக்கேயர் 5:16, இரண்டே சொல். அது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.)

சரி, விஷயத்துக்கு வருவோம். 'நான் அவனை எழுப்பப்போகிறேன்' என்று புறப்படும் முன்பே சீஷர்களிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் லாசருவின் ஊரான பெத்தானியாவுக்கு வருகிறார், ஆகவே தெரியாமல் அழவில்லை. அங்கே லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகிவிட்டது. மார்த்தாள் ஊருக்கு வெளியிலேயே போய் நின்று, 'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்' என்கிறாள். அப்புறம் அவள் தங்கை மரியாள் வந்து காலில் விழுந்து அதையே சொல்கிறாள், கிட்டத்தட்ட ஒரு சொல் மாறாமல். ஒரு மணி நேரம் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் என்று நாம் திரும்பத் திரும்பப் பேசுவோமே, அந்த மாதிரி அக்காவும் தங்கையும் நாலு நாளாக இதையே சொல்லிப் புலம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான், ஆனால் கிடைத்த பதில் வேறு. மார்த்தாளிடம் பேசுகிறார், 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்று அடக்க ஆராதனையில் கேட்கிறோமே, அது அவளுக்குச் சொன்னதுதான். மரியாளுக்கு அந்த விளக்கம் எதுவும் இல்லை. அவள் அழுவதைப் பார்க்கிறார், கலங்குகிறார், எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார், பிறகு கண்ணீர் விடுகிறார். தங்கையிடமும் பிரசங்கம் செய்திருக்கலாம், செய்யவில்லை. இந்த வசனத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இன்னொன்று. மரியாளும் கூட வந்தவர்களும் 'அழுகிறதை' இயேசு கண்டார் என்கிறது 33ஆம் வசனம், இயேசுவுக்கு வரும்போது 'கண்ணீர் விட்டார்'. கிரேக்க மூலத்திலும் இரண்டும் வேறு வேறு சொல். இயேசுவுக்குச் சொன்ன வினை புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அவர்களுடையது வாய்விட்டு அழும் அழுகை, இவருக்குச் சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்திருக்கிறது. சுற்றி நின்றவர்களில் சிலர், எவ்வளவு நேசித்திருக்கிறார் பாருங்கள் என்றார்கள், சிலர், குருடன் கண்ணைத் திறந்தவருக்கு இவனைச் சாகாமல் காப்பாற்ற முடியாதா என்றார்கள். துக்க வீடென்றால் அப்போதும் இப்படித்தான்!

அழக்கூடாது என்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது 1 தெசலோனிக்கேயர் 4:13. அதை முழுதாகப் படியுங்கள்: 'நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல' துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் அந்தக் கடிதத்தில் எழுதுகிறார், துக்கமே கூடாது என்று அல்ல. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்பதும் அதே நிருபத்தில்தான் இருக்கிறது.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். சாவு வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.