டாங்கோவும் தரகர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லியோனார்ட் ஷ்ரேடரின் ‘நேக்கட் டாங்கோ’ பார்த்தேன். 1920களின் அர்ஜென்டினத் தலைநகர் புவனஸ் அயர்ஸ், கப்பலில் வரும் பெண், விலைமாதர் விடுதி, டாங்கோ ஆட்டத்தின்மேல் பித்துப் பிடித்த ரவுடி. படம் இழுத்துக்கொண்டது, முடிந்தபின் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. டாங்கோ உண்மையிலேயே விடுதிகளில் பிறந்ததுதானா? இது வரலாறா, வரலாற்று உடுப்பு மாட்டிய கிளுகிளுப்பா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டும்தான். கிளுகிளுப்பு பற்றி எனக்குப் புகார் இல்லை, அதை ஷ்ரேடர் நன்றாகவே செய்திருக்கிறார். வின்சென்ட் டி’ஒனோஃப்ரியோவின் ரவுடிக்குக் கட்டிலைவிட ஆட்டம்தான் பெரிது. காமம் முழுக்கக் காலடியில் இருக்கிறது.

டாங்கோ விடுதிகளிலும் ஆடப்பட்டது. அங்கேதான் பிறந்தது என்பது மிகை. குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒண்டுக்குடித்தனங்கள், கறுப்பினத்தவரின் காண்டோம்பே என்ற தாள நடனம், கியூபாவின் ஹபனேரா என்ற ஆட்ட இசை, ஜெர்மனியிலிருந்து வந்த பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம் எல்லாம் சேர்ந்த கலவை அது. 1914இல் அந்நகரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் ஆண்களே அதிகம்.

படத்தின் நிழலுலகம்தான் சிக்கல். அங்கே இருட்டும் கத்தியும். நிஜத்தில் அது பட்டப்பகலில், உரிமம் வாங்கி நடந்த விடுதித் தொழில். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தரகர்கள் 1906இல் ‘வார்சோவியா’ (வார்சா நகரின் ஸ்பானியப் பெயர்) என்று ஒரு பரஸ்பர உதவிச் சங்கமே வைத்திருந்தார்கள். போலந்துத் தரப்பு ஆட்சேபித்த பிறகு பெயர் ஸ்வி மிக்தால் ஆயிற்று. மற்ற யூதர்கள் இவர்களை ‘அசுத்தர்கள்’ என்று தள்ளிவைத்து இடுகாட்டில்கூட இடம் தரவில்லை. ஆகவே தங்களுக்கென்று தனி ஜெபாலயம், தனி இடுகாடு. (இத்தொழிலில் பிரெஞ்சுக்காரர்களும் ஏராளம். யூதர்கள்மேல் மட்டும் பழி போடுவது அன்றைக்கே நடந்த அரசியல்.)

மாப்பிள்ளை காத்திருக்கிறான் என்று ஆசைகாட்டி ஏழைப் பெண்களைக் கப்பலேற்றுவது இந்தத் தரகர்களின் வழி. படத்தில் கடலில் குதிக்கும் போலந்துப் பெண் அப்படி வந்தவள். ஷ்ரேடர் அவளை அங்கேயே விட்டுவிட்டு, அவள் பெயரை எடுத்துக்கொள்ளும் நீதிபதி மனைவியின் பின்னால் போய்விடுகிறார். இவளுக்கு விடுதி ஒரு சாகசம். ஏறக்குறைய இவளே தேடிக்கொண்டது. அதனால்தான் நம்மால் நிம்மதியாக ரசிக்க முடிகிறது. உங்கள் கூச்சத்துக்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

மூழ்கியவளைப் போன்றவர்களின் கதையை அறிய ராக்கேல் லிபர்மன் என்ற பெண்ணின் வாழ்க்கையைத் தேடிப் படியுங்கள். போலந்திலிருந்து 1922இல் இரண்டு குழந்தைகளோடு அர்ஜென்டினாவில் இருந்த கணவனிடம் வந்தார். கணவன் செத்துப்போக, இத்தொழிலுக்குள் போனார். காசு சேர்த்து வெளியேறி, கஜாவோ தெருவில் பழம்பொருள் கடை வைத்தார். பிறகு மணந்துகொண்டவன் அந்தக் கும்பலின் ஆள், சேமிப்பு போயிற்று. 1929இன் கடைசி நாளில் போலீஸ் அதிகாரி ஹூலியோ அல்சோகராயிடம் புகார் கொடுத்தார். நீதிபதி ரொத்ரீகஸ் ஒகாம்போ 108 பேரைக் காவலில் வைக்க உத்தரவிட்டார். 1931இல் மேல்முறையீட்டில் ஏறக்குறைய எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் சங்கம் மீண்டும் எழவில்லை. லிபர்மன் 1935இல் இறந்தார். விடுதிகளுக்கு உரிமம் தரும் முறை ஒழிந்தது மறு வருஷம்.

இந்தக் கதையில் ஆட்டமே இல்லை. கடை வாடகை, சேமிப்பு, புகார் மனு. டாங்கோ பாடல்களும் பெரும்பாலும் விட்டுப்போனவளை நினைத்து ஆண் புலம்புவதுதான், போனவள் எங்கே போனாள் என்று கேட்பதில்லை. ஷ்ரேடர் அந்த மரபுக்கு விசுவாசமாக இருக்கிறார்.

படத்தை இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால், கிழட்டு நீதிபதியாக வரும் ஃபெர்னாண்டோ ரேயைக் கவனியுங்கள்.