பதில்: பிக்கு நூறு ரூபாயை வாங்காமல் போனது அபசகுனமா?

நகரியில் காலையில் வாசலில் பேசாமல் நின்ற பிக்குவுக்கு, அதாவது புத்தத் துறவிக்கு, அம்மா நூறு ரூபாய் நீட்ட, அவர் சிரித்துவிட்டு வாங்காமல் நடந்துவிட்டார், அதிலிருந்து அம்மா மனசு சரியில்லை என்று எழுதியிருந்தீங்க. அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. தேரவாத விநயப்படி, அதாவது இலங்கை போன்ற இடங்களில் இருக்கும் புத்த மதப் பிரிவின் துறவி விதிகளின்படி, பிக்கு பணத்தைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

நான் கண்டியில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தபோது இதெல்லாம் தெரிந்துகொண்டேன். அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, நிற்பார்கள், போட்டால் சாப்பாடு, இல்லையென்றால் அடுத்த வீடு. நம்ம பக்கம் தனுர் மாசத்தில் (மார்கழியில்) ஹரி பாட்டு பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் ஹரிதாசுக்கு அரிசி போடுவோமே, அதுவும் இவர்களுக்கு ஆகாது. பச்சைத் தானியம் வாங்கக்கூடாது, சமைத்ததுதான், அதையும் உச்சிவேளைக்கு முன்னால் சாப்பிட்டு முடிக்கணும், மறுநாளைக்கு எடுத்து வைக்க முடியாது. யோசித்தால் இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சேர்த்து வைக்க வழியில்லாததால் துறவி தினமும் ஊருக்குள் வந்தே ஆகணும், ஊர் சோறு போடும், அவர் தர்மம் சொல்வார். கொடுத்தவருக்குப் புண்ணியம், அதனால்தான் நன்றி சொல்வதும் வழக்கமில்லை.

உண்மையில் ஒருவரைக் கண்டித்து அவர் கொடுப்பதை மறுப்பதற்கு 'பாத்திரத்தைக் கவிழ்த்தல்' என்று தனி முறை இருக்கிறது. அதைச் சங்கம், அதாவது பிக்குகளின் கூட்டம், கூடித்தான் முடிவு செய்யும், அதுவும் சங்கத்துக்குக் கெடுதல் செய்தவர்களுக்கு.

மறுபடி வந்தால் ரெண்டு இட்லி போடச் சொல்லுங்க, சூடாக இருந்தால் இன்னும் நல்லது.